ஏகாரமும் உம்மையும்: கிருபை, கிரியை பற்றிய இரு கிறிஸ்தவக் கொள்கைகள்

முன்னுரை

இடைச்சொற்கள் தனித்து நில்லா. பெயரையும் வினையையும் சார்ந்தே பொருள் தரும் என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த இலக்கணம். தனித்து நிற்கும் ஆற்றலற்ற இச்சிறு சொற்களே சில வேளைகளில் ஒரு சமயக் கொள்கையை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் எல்லைக் கற்களாக நின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் சுவிசேஷகப் புரோட்டஸ்டண்டு சபையினருக்கும் மார்மன்கள் என அழைக்கப்படும் சபையினருக்கும் இடையே நெடுங்காலமாக நடைபெற்றுவரும் ஒரு வாதம் இதற்குத் தக்க சான்றாகும். மனிதன் மீட்படைவது இறைவனின் கிருபையாலா, அவன் செய்யும் கிரியையாலா என்பதே அவ்வாதம். இருசாராரின் கருத்துகளையும் அவரவர் பொருள்கொள்ளும் முறையிலேயே எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள்

கிருபை என்பது தகுதி நோக்காது இறைவன் அளிக்கும் அருட்கொடை. கிரியை என்பது மனிதன் தன் முயற்சியால் செய்யும் செயல். கட்டளைக்குக் கீழ்ப்படிதல், அறம் செய்தல், சமயச் சடங்குகளை நிறைவேற்றல் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். சைவ மரபில் கிரியை என்றால் வழிபாட்டுச் செயலையே பெரிதும் குறிக்கும். தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் அது இவ்வாறு விரிந்த பொருளுடையது. மீட்பு என்பதனை இரட்சிப்பு என்றும் வழங்குவர்.

லூத்தரின் ஏகாரம்

சுவிசேஷகர் நிலையை அறியச் செருமனி நாட்டு மார்ட்டின் லூத்தரிடமிருந்து தொடங்குதல் வேண்டும். 1517-ஆம் ஆண்டு பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் எழுப்பிய குரல், மனிதன் இறைவன் திருமுன் எவ்வாறு நீதிமான் ஆகிறான் என்னும் வினாவாக வளர்ந்தது. 1522-இல் அவர் புதிய ஏற்பாட்டைச் செருமானிய மொழியில் வெளியிட்டபோது, உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தார். சட்டத்தின் செயல்களாலன்றி விசுவாசத்தினால் மனிதன் நீதிமான் ஆகிறான் என்னும் கருத்துடைய இடத்தில், ‘மட்டும்’ எனப் பொருள்படும் செருமானியச் சொல்லை அமைத்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. எதிர்ப்பு எழுந்தது. 1530-இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய திறந்த மடலில், ஒன்றை மறுத்து மற்றொன்றை நாட்டும்போது அச்சொல்லைச் சேர்த்துரைப்பதே செருமானிய மொழியின் இயல்பு என்றும், பவுல் அப்போஸ்தலரின் கருத்தும் அதனை வேண்டி நிற்கிறது என்றும் அவர் விடையிறுத்தார்.

தமிழில் கூறுவதாயின், ‘விசுவாசத்தினால்’ என்பதனை ‘விசுவாசத்தினாலேயே’ என்று ஆக்கினார் எனலாம். பிரிநிலை ஏகாரம் செய்யும் பணியை அச்செருமானியச் சொல் செய்தது. ஐரோப்பியச் சமய வரலாற்றை இரு கூறாக்கிய பிளவின் நடுவில் அது நின்றது.

இன்றைய சுவிசேஷகர் இந்த ஏகாரத்தின் வழித்தோன்றல்கள். அவர்தம் கொள்கையில் மனிதன் பாவத்தால் முற்றும் கெட்டவன். தன்னைத் தானே மீட்டுக்கொள்ள இயலாதவன். கிறிஸ்துவின் சிலுவை மரணமே முழுமையான ஈடு. அதனை விசுவாசத்தால் ஏற்றுக்கொள்பவன் அக்கணமே நீதிமானாக எண்ணப்படுகிறான். எனில், நற்செயலுக்கு இடமே இல்லையா? உண்டு. ஆயினும் அது வேரன்று, கனி. மரம் உயிரோடிருப்பதைக் கனி காட்டும். கனியைக் கட்டித் தொங்கவிட்டு மரத்துக்கு உயிர் தரவியலாது. எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் மீட்பு செயல்களால் வந்ததன்று என்று கூறிய கையோடு, நற்செயல்களுக்காகவே மனிதர் படைக்கப்பட்டனர் என்றும் கூறுவதை அவர்கள் சுட்டுவர்.

மார்மன் நூலின் ‘பின்’

ஜோசப் ஸ்மித் 1805-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். பொற்றகடுகளிலிருந்து இறையாற்றலால் மொழிபெயர்த்ததாக அவர் அறிவித்த மார்மன் நூல் 1830-இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் அவரது சபை நிறுவப்பெற்றது. 1844-இல் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் அவர் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். பிரிகாம் யங் தலைமையில் 1847-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த மக்கள் அங்கே நிலைபெற்றனர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே அவர்தம் முறையான பெயர். அம்முழுப் பெயராலேயே தம்மை அழைக்க வேண்டுமென 2018-இல் சபைத் தலைமை வலியுறுத்தியது. எனினும் பொது வழக்கு நோக்கி மார்மன் என்னும் பெயரும் ஈண்டு ஆளப்படுகிறது.

மார்மன் நூலில் நேபியின் இரண்டாம் புத்தகம், இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வாதத்திற்கு வித்தான வசனம் உள்ளது. மனிதர் தம்மால் இயன்றவற்றையெல்லாம் செய்த பின் அவர்களை மீட்பது கிருபையே என்பது அதன் கருத்து. இங்கே இடர் தருவது ‘பின்’ என்னும் சிறு சொல். சுவிசேஷகர் இதனைக் காலமும் நிபந்தனையும் காட்டும் சொல்லாகக் கொள்வர். முதலில் மனிதன் தன் பங்கை முடிக்க வேண்டும். எஞ்சியதைக் கிருபை நிரப்பும். இவ்வாறாயின் கிருபை கொடையன்று, கூலியின் மிச்சம் என்பது அவர்தம் கண்டனம்.

மார்மன் அறிஞர் பலர் அதே சொல்லை வேறு வகையில் விளக்குவர். ‘செய்த பின்’ என்பதன் கருத்து ‘செய்த பின்னும்’ என்பதே என்பர் அவர்கள். அதாவது, எவ்வளவு செய்த பின்னும் மீட்பது கிருபையே. ஓர் உம்மை சேர்ந்ததும் பொருள் தலைகீழாகிறது! உம்மையின்றி நிற்கையில் மனித முயற்சி நுழைவாயிலாகிறது; உம்மை சேர்கையில் அம்முயற்சியின் போதாமையே வெளிப்படுகிறது. மேசியாவின் தகுதியும் இரக்கமும் கிருபையும் இன்றி எவரும் இறைவன் திருமுன் வாழவியலாது என்று அதே நூலின் மற்றோரிடம் கூறுவதை இவர்கள் துணைக்கொள்வர்.

சபைக்குள்ளும் அழுத்தம் மாறிவந்துள்ளது. 1969-இல் ஸ்பென்சர் கிம்பல் எழுதிய ‘மன்னிப்பின் அற்புதம்’ என்னும் பொருளுடைய நூல், கிருபை மட்டும் போதும் என்னும் கொள்கையைக் கடுமையாக மறுத்து முயற்சியை வலியுறுத்தியது. 2015 ஏப்ரல் மாதம் சபையின் பொது மாநாட்டில் உரையாற்றிய தலைமைக் குழு உறுப்பினர் டீட்டர் உக்டார்ஃப், கீழ்ப்படிதலைக் கொடுத்து மீட்பை வாங்கவியலாது என்றார். மேற்குறித்த வசனத்தில் ‘பின்’ என்பதைக் ‘காரணமாக’ என்று கொள்ளலாகாது என்றும் விளக்கினார்.

ஒரு சொல், இரு பொருள்

எனின், வேறுபாடு வெறும் இலக்கணப் பூசல்தானா? அன்று. இருசாராரும் ‘மீட்பு’ என்னும் ஒரே சொல்லை வேறுவேறு பொருளில் ஆள்கின்றனர். சுவிசேஷகருக்கு மீட்பு ஒன்றே: பாவத் தண்டனையினின்று விடுதலையும் இறைவனோடு நிலைவாழ்வும். மார்மன் கொள்கையில் மீட்புக்குப் படிகள் உண்டு. மரித்தோர் உயிர்த்தெழுதல் கிறிஸ்துவால் மாந்தர் அனைவருக்கும் நிபந்தனையின்றிக் கிடைக்கும். அதற்கு மேல், ஜோசப் ஸ்மித் 1832-இல் கண்டதாக அறிவித்த காட்சியின்படி, மறுமையில் மூவகை மகிமைகள் உள்ளன. அவற்றுள் மிக உயர்ந்ததன் உச்சநிலையே ‘மேன்மைப்படுதல்’. ஞானஸ்நானம், ஆலயத்தில் நடைபெறும் நித்தியத் திருமணம் முதலிய சடங்குகளும், உடன்படிக்கைகளைக் காத்தலும் அதற்கு இன்றியமையாதவை. மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை விலக்குதலும், வருவாயில் பத்திலொரு பங்கைச் சபைக்கு அளித்தலும் ஆலயத்தினுள் செல்வதற்குரிய தகுதிகளுள் அடங்கும்.

ஆகவே, மார்மன் ஒருவர் செயலை வலியுறுத்தும்போது பெரும்பாலும் மேன்மைப்படுதலையே கருதுகிறார். கேட்கும் சுவிசேஷகரோ தண்டனையிலிருந்து விடுதலையைக் கருதுகிறார். விடை வேறுபடுவதற்கு முன்பே வினா வேறுபட்டுவிடுகிறது. மனிதனைப் பற்றிய பார்வையும் அவ்வாறே. ஆதாமின் பாவத்துக்காக அன்றித் தம் பாவத்துக்காகவே மாந்தர் தண்டனை பெறுவர் என்பது மார்மன் சபையின் விசுவாசப் பிரமாணங்களுள் ஒன்று. மனிதன் இறைவனின் ஆவிக்குழந்தை; தந்தையைப் போல் வளரும் ஆற்றலுடையவன் என்பதும் அவர்தம் கொள்கை. பெருநோயாளிக்கு வேண்டுவது மருத்துவன். வளரும் குழந்தைக்கு வேண்டுவது கைபிடித்து நடத்தும் தந்தை. மனிதனை முதலாமவனாகக் காண்போரும் இரண்டாமவனாகக் காண்போரும் கிருபையை ஒரே வகையில் பேசார்.

மிதிவண்டி உவமை

பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ராபின்சன் 1992-இல் வெளியிட்ட நூலில் ஓர் உவமை கூறினார். மிதிவண்டி வேண்டிய சிறுமி காசு சேர்க்கிறாள். கடையில் விலை நூறு டாலருக்கு மேல். அவளிடம் இருப்பதோ 61 காசு. இருப்பதையெல்லாம் தருமாறு கூறி, எஞ்சியதைத் தந்தையே செலுத்துகிறார். ‘நான் போதுமானவனல்லன்’ என்று சோர்ந்திருந்த மார்மன் உள்ளங்கள் பலவற்றுக்கு இவ்வுவமை ஆறுதலாயிற்று. சுவிசேஷகரோ, அந்த 61 காசும் எதற்கு என்று வினவினர். அதனை விலையின் பகுதியாகக் கொண்டால் கொடை கொடையாகாது என்பது அவர்தம் வாதம். அது விலையன்று, தந்தைமேல் சிறுமி வைத்த நம்பிக்கையின் அடையாளம் என்று கொள்வோரும் உளர். அவ்வாறு கொண்டால் இரு கரைகளும் சற்றே நெருங்குகின்றன.

இருபாலும் உள்ள அச்சம்

ஒவ்வொரு கொள்கைக்குப் பின்னும் ஓர் அச்சம் உண்டு. சுவிசேஷகர் அஞ்சுவது செருக்கையும், ‘இன்னும் எவ்வளவு செய்தால் போதும்?’ என்னும் ஓயாத ஏக்கத்தையும். மார்மன்கள் அஞ்சுவது பொறுப்பின்மையை. நம்பினேன் என ஒரு முறை சொல்லிவிட்டு விரும்பியபடி வாழும் போக்கை. செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்னும் யாக்கோபு நிருபத்தின் கருத்தை அவர்கள் விடாது நினைவூட்டுவர்.

இவ்வச்சம் புரோட்டஸ்டண்டு மரபுக்கும் புதிதன்று. லூத்தரன் சபையைச் சேர்ந்த டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில் ‘மலிவான கிருபை’யைக் கடிந்துரைத்தார், நாசி ஆட்சியை எதிர்த்தமையால் 1945-இல் தூக்கிலிடப்பட்டார். 1988-இல் அமெரிக்கப் போதகர் ஜான் மக்கார்தர், கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்றுக் கீழ்ப்படியாத விசுவாசம் மெய்விசுவாசமன்று என எழுதினார். மறு ஆண்டே சேன் ஹாட்ஜஸ் அதனை மறுத்து, கிருபை முற்றிலும் இலவசம் என நூல் எழுதினார். இவ்வினா இரு சபைகளுக்கு இடையில் மட்டுமன்றி, ஒவ்வொரு சபையின் உள்ளேயும் எழுவது என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

1997-இல் சுவிசேஷக அறிஞர் கிரேக் பிளம்பர்க், மேற்குறித்த ராபின்சன் ஆகிய இருவரும் இணைந்து ஒரே நூலில் தத்தம் நிலையை எழுதினர்; ஒன்றும் இடங்களையும் ஒன்றா இடங்களையும் வரிசைப்படுத்தினர். 2004 நவம்பரில் சுவிசேஷக இறையியலாளர் ரிச்சர்ட் மௌ, சால்ட் லேக் நகரிலுள்ள மார்மன் சபை மண்டபத்தில் நின்று, மார்மன்களின் நம்பிக்கையைத் திரித்துக் கூறியதன் வாயிலாகத் தம்மவர் தவறிழைத்தனர் என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். இறைவனின் இயல்பு, மறைநூல்களின் எண்ணிக்கை, சடங்குகளின் தேவை ஆகியவற்றில் இருசாராரும் இன்றும் உடன்படவில்லை; மார்மன்களைக் கிறிஸ்தவராகவே ஏற்காத சுவிசேஷகரும் பலர்.

உடன்பாடு வேறு, புரிதல் வேறு. பிறர் கூறாத பொருளை அவர்மேல் ஏற்றி மறுப்பது எளிது. அதனால் வெல்லப்படுவது நாமே கற்பித்த உரையே அன்றி அவர்தம் கொள்கையன்று. ‘பின்’ என்பதைப் ‘பின்னும்’ எனப் படிக்கும் ஒருவரிடம், நீர் ‘பின்’ என்றே நம்புகிறீர் என்று சாதிப்பதில் என்ன பயன்? உரையாசிரியர் மரபில் பயின்ற நமக்கு இது புதிய பாடமன்று. பிறர் மதம் உரைக்குமுன் அதனைத் திரிபின்றி எடுத்துக் கூறுதல், மறுப்பினும் அதன் பின்னரே மறுத்தல் என்னும் நெறியை நம் தருக்க நூல்களும் வற்புறுத்தும். இலக்கண வகுப்பில் ஏகாரத்துக்கும் உம்மைக்கும் மதிப்பெண் பெறும் மாணவர், பிற சமயத்தார் பேசும்போதும் அவற்றைக் கூர்ந்து கேட்கப் பழகுவாராக.