கோட்டைக்குள் ஓர் அருங்காட்சியகம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சென்றிருக்கிறீர்களா? அம்மலையில் சில கோயில்களில் வழவழப்பாகத் தீட்டப்பட்ட கற்கோடரிகளை வைத்து வழிபடுகிறார்கள். அவை புதிய கற்கால மனிதன் செய்த கருவிகள். அத்தகைய பழம்பொருள்களிடம் செய்தி கேட்பது எப்படி? அதை அறிய வேலூர்க் கோட்டைக்குச் செல்வோம், வாருங்கள்.

விசயநகரப் பேரரசுக் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை இது. மதிலை உற்றுப் பாருங்கள். பெரும் கருங்கற்கள் சாந்து இன்றியே அடுக்கப்பட்டுள்ளன. கற்களின் எடையும், அவற்றிடையே உள்ள உராய்வும் மதிலைத் தாங்கி நிற்கின்றன. சுற்றிலும் அகழி. முற்காலத்தில் சூரியகுண்டம் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே இதற்கு நீர் வந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் நீரின் இயல்பே போதுமானதாக இருந்தது, எந்திரம் தேவைப்படவில்லை!

உள்ளே, 1985-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இன்று இயங்குகிறது. கண்டியின் கடைசி மன்னர் விக்கிரமராசசிங்கன் ஆடிய தந்தச் சதுரங்கத்தை இங்கே காணலாம். 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அவர், 1832-இல் இறக்கும்வரை இக்கோட்டையில் சிறையிருந்தார். யார் ஆடியது என்ற குறிப்பு இல்லையேல், அது வெறும் விளையாட்டுப் பொருள்தான் அல்லவா?

கற்கோடரியின் கதையும் அதுவே. கல்லின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையால் அளக்க இயலாது. அம்முறை ஒரு காலத்தில் உயிருடன் இருந்த பொருள்களுக்கே பொருந்தும். ஆனால் கோடரி கிடந்த அதே மண்ணடுக்கில் அடுப்புக்கரி கிடைத்தால் வழி பிறக்கிறது. கரியிலுள்ள கார்பன்-14 அணுக்கள் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் கரியின் வயது தெரியும். கோடரியின் காலமும் புலப்படும். 1960-களில் திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்களின் காலத்தைக் கணிக்க இத்தகைய கரியே உதவியது.

கோடரியை மட்டும் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்னவாகும்? கோடரி இருக்கும், அதன் வயதைச் சொல்லும் சாட்சி போய்விடும். போன சாட்சியை எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத்தர முடியாது.

ஆகவே, மலையிலோ வயலிலோ பழம்பொருள் ஒன்றைக் கண்டால் அதைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் வரையுங்கள், உங்கள் ஆசிரியர் வாயிலாக வட்டாட்சியருக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். அடுத்தமுறை அருங்காட்சியகம் செல்லும்போது, பொருளின் பெயரோடு நின்றுவிடாமல், ‘கிடைத்த இடம்’ என்ற வரியையும் மறவாமல் படியுங்கள்!