மலையின் குரல் எங்கே ஒலிக்கிறது?

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கல்லூரிக்கு வந்த என்னிடம் நண்பர்கள் கேட்டனர்: “உங்கள் கொல்லிமலைக்குத் தனித் தொகுதியே இருக்கிறதே, இன்னும் என்ன குறை?” அதற்கு விடை கூறவே இக்கட்டுரை.

தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று சேலம் மாவட்டத்து ஏற்காடு. மற்றொன்று நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். வல்வில் ஓரி ஆண்ட எங்கள் கொல்லிமலை சேந்தமங்கலத்தில் அடங்கும். இங்குப் போட்டியிடுவோர் பழங்குடியினராக இருத்தல் வேண்டும். வாக்களிப்போரோ எல்லாச் சமூகத்தவரும் ஆவர். சமவெளி வாக்காளர் மலை வாக்காளரைவிடப் பன்மடங்கினர். எனவே வெற்றியை முடிவு செய்வது அடிவாரமே.

நிர்வாகம் மெல்லத்தான் மலையை நெருங்கியது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை, மாவட்ட ஆட்சியரைக் காணச் சேலம் செல்ல வேண்டும். இன்று செம்மேட்டிலேயே வட்டாட்சியர் அலுவலகம் உண்டு.

ஆயினும் மலை தானே பேசும் மன்றம் கிராம சபைதான். பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குச் சிறப்பதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே பொருந்தும். தமிழகத்தில் அத்தகைய பகுதி எதுவும் இல்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எங்களுக்கும் உண்டு. அதன்படி உரிமை கோரும் மனுக்களை முதலில் ஆராய்வது கிராம சபையே.

என் தந்தையார் கிராம சபையில் கையொப்பமிட்டுத் திரும்பிவிடுவார்; தீர்மானத்தைப் படித்ததில்லை. சென்ற விடுமுறையில் நான் உடன் சென்று படித்துக் காட்டினேன். எங்கள் நிலம் பற்றிய வரி அதில் இல்லை. எழுந்து கேட்டார்; எழுதினார்கள்.

மலையிலிருந்து வந்த மாணவ நண்பர்களே, அடுத்த கிராம சபைக்கு ஊருக்குச் செல்லுங்கள்!