தேரிக்காட்டுக்கு ஒரு ட்ரிப் அடிக்கலாமா?

பாலைவனச் சோலை பார்க்க ராஜஸ்தானுக்கா பட்ஜெட் போடறீங்க? வெயிட் பாஸ்! புவனகிரியில பஸ் பிடிச்சு சிதம்பரம் வாங்க. ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினா, விடிஞ்சதும் திருச்செந்தூர். பக்கத்துலயே குதிரைமொழித் தேரி. எங்க பார்த்தாலும் செக்கச்செவேல்னு மணல் மேடு! எல்லாம் இரும்பு ஆக்சைடு உபயம். நாங்க அஞ்சு பேர் கால் புதையப் புதைய நடந்து, நாக்கு வறண்டு நின்னப்போ, மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்... மர நிழல்ல ஜில்லுன்னு சுனை! மணல் உறிஞ்சுற மழைதான் பள்ளத்துல சுனையா ஊறுது. சீக்கிரமே கிளம்புங்க, தனியா போகாதீங்க. காத்து உங்க காலடித் தடத்தையே அழிச்சிடும். காலி பாட்டிலை மட்டும் அங்க வீசிடாதீங்க. அந்த மண்ணுல இறங்குறதுதான் நாளைக்குச் சுனையில வரும்!