ஆங்கிலப் பாங்குத் துணைவினைகளில் எதிர்மறையின் எல்லை

கேன், மே, மஸ்ட், ஷேல் முதலிய ஆங்கிலத் துணைவினைகள் செயலை உணர்த்துவனவல்ல. செயல் குறித்த கடமை, இசைவு, ஆற்றல், ஐயம், துணிபு ஆகிய பாங்குகளை உணர்த்துவன. இவற்றின் உடன்பாட்டு வடிவங்கள் தமிழர்க்குப் பெரும் இடர் தருவதில்லை. 'மஸ்ட்' கடமையையும் உய்த்துணர்வையும் ஒருங்கே சுட்டுவது போன்றே, 'அவர் வீட்டில் இருக்க வேண்டும்' என்னும் தொடரும் இருபொருள்படும். இடர் எதிர்மறையில்தான் எழுகிறது.

'நாட்' என்னும் சொல் எதனை மறுக்கிறது என்பதே வினா. 'யூ மஸ்ட் நாட் கோ' என்பதில் மறுக்கப்படுவது செல்லுதல்; கடமை அப்படியே நிற்கிறது. எனவே பொருள் 'செல்லக் கூடாது' என்பதாம். 'யூ நீட் நாட் கோ' என்பதிலோ கடமையே மறுக்கப்படுகிறது. 'செல்ல வேண்டியதில்லை' என்பது பொருள். இரண்டிலும் எதிர்மறைச் சொல் ஒரே இடத்தில் நிற்றலின், சொல்வரிசை கொண்டு இவ்வேறுபாட்டை அறிதல் இயலாது. தமிழின் 'வேண்டாம்' இவ்விரு பொருளுக்கும் இடையே ஊசலாடுவது. துல்லியம் வேண்டும் மொழிபெயர்ப்பில் அதனைத் தவிர்த்தலே நன்று.

'மே நாட்' இன்னும் நுட்பமானது. 'ஹீ மே நாட் கம்' என்பது சூழலுக்கேற்ப 'அவர் வராமல் இருக்கக்கூடும்' என்றோ 'அவர் வருவதற்கு இசைவில்லை' என்றோ பொருள்படும். 'கூடும்' என்பதன் எதிர்மறை 'கூடாது' எனக் கருதி முதற்பொருளுக்கு 'வரக்கூடாது' என எழுதின், ஐயம் தடையாகிவிடும். ஐயம் காட்டும் 'கூடும்' எதிர்மறையில் தடைப்பொருளை ஏற்பது தமிழ்ப் பாங்கு வடிவங்களின் தனிப்போக்கு. அது விரிவாக ஆராயத்தக்கது.

பள்ளி இலக்கணங்கள் 'ஷேல்' என்பதைத் தன்மை இடத்து எதிர்காலக் குறியாகவே கற்பிக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவினை கடன்பட்டிருத்தலைக் குறித்தது. சட்டநடை அக்கடப்பாட்டுப் பொருளை இன்றும் விடவில்லை. இந்திய அரசமைப்பின் 200ஆம் உறுப்பின் முதல் வரம்புரையை நோக்குக. பணச் சட்டமுன்வடிவு அல்லாததை ஆளுநர் மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்புதற்கு அங்கு 'மே' வருகிறது. அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு வரின் இசைவை நிறுத்திவைத்தற்கு 'ஷேல் நாட்' வருகிறது. முன்னது 'அனுப்பலாம்', பின்னது 'நிறுத்திவைத்தல் ஆகாது'. பின்னதை 'நிறுத்திவைக்க மாட்டார்' எனப் பெயர்த்தால் விதி வெறும் கணிப்பாகும். 'நிறுத்திவைக்க வேண்டியதில்லை' என்றாலோ தடை நீங்கி, ஆளுநர்க்கு விருப்புரிமை வழங்கியதாக முடியும்.