குச்சியை நட்டால் வேலி முளைக்கும், தெரியுமா?

காங்கேயம் பக்கம் போனால் கல்லுக்காலும் கம்பியும் தேடாதீர்கள். அங்கே வேலிக்கு உயிர் உண்டு! பெயர் கிளுவை. மழைக்கு முன்னால் போத்து, அதாவது கிளைக்குச்சி, வெட்டி வரிசையாக நட்டால் போதும், வேர்விட்டுத் துளிர்த்துவிடும். ஒன்றே ஒன்று, அடி எது நுனி எது என்று பார்த்து நட வேண்டும். அவசரத்தில் தலைகீழாக நட்டுவிட்டு, "ஏன் துளிர்க்கவில்லை?" என்று ஒரு மாதம் விழித்தவன் நான். அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவிவிட்டால் அந்தக் குழப்பமே வராது.

கோடையில் இலையுதிர்த்து எலும்பும் முள்ளுமாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள்! ஒரு மழை விழட்டும், பச்சைப் பசேலென்று எழுந்துவிடும். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வாசனை தூக்கும். தூக்காதா பின்னே? ஏசு பிறந்தபோது ஞானிகள் கொண்டுபோன வெள்ளைப்போளத்துக்கு இது ஒன்றுவிட்ட தங்கச்சி. இரண்டும் ஒரே பேரினம்!

பராமரிப்பா? ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து. கழித்த தழை ஆட்டுக்கு. இடையில் பட்டுப்போன இடத்தில் அதே வேலியிலிருந்து வெட்டிய போத்து. கடைக்குப் போகிற வேலையே இல்லை. காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைக் காப்பதும் இதே கிளுவைதான். இருபக்கமும் வேலி, நடுவே வண்டித்தடம் என்றால் அது இட்டேரி. கௌதாரி, கீரி, ஓணான், பாம்பு எல்லாம் அங்கே குடித்தனக்காரர்கள்.

வெட்டிப்போட்ட காய்ந்த முள் போதாதா என்பவர்களுக்கு ஒரு கதை. உப்பு வரி ஏய்ப்பைத் தடுக்க வெள்ளைக்காரன் சிந்து நதியிலிருந்து மகாநதிவரை சுங்கக் கோடு போட்டான். அதில் நெடுந்தூரம் முள்வேலி! காய்ந்த முள்ளைக் கரையான் தின்றது, தீ தின்றது. 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்தவர் உயிர்வேலிக்கு மாறுவதில் மும்முரமானார். கருவேல், இலந்தை, களா, சப்பாத்திக் கள்ளி எல்லாம் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தன. அந்த ஆணையர் யார் தெரியுமா? பின்னால் 1885-ல் காங்கிரஸைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம்! 1879-ல் சுங்கக் கோட்டையே கைவிட்டார்கள். வேலியும் போன இடம் தெரியவில்லை.

 

யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். அங்கே போத்துக்குப் பெயர் கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என நட்டு, இடையில் பின்னிய தென்னோலைக் கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பார்கள். உக்கிய ஓலை தோட்டத்துக்கு உரம். இவ்வளவு பாடுபட்டு அடைத்த வேலியில் அவர்களே ஓர் ஓட்டையும் விடுவார்கள், தெரியுமா? அதன் பெயர் பொட்டு. பக்கத்து வீட்டுக்குப் போய்வரத்தான்! குனிந்துதான் நுழைய வேண்டும். கையில் கறிச்சட்டி இருந்தால் கவனம்.