பெரிய குவளை யாருக்கு?

நுழையும்முன்

உடன்பிறந்த சிறார் வாழும் வீட்டில் அமைதி நெடுநேரம் நிலைப்பதில்லை. பேருந்தின் சன்னலோர இருக்கை, முறியாத அப்பளம், பெயர் பொறித்த தட்டு என எதற்காகவும் அங்கே ஒரு வழக்கு எழும். பெரியவர்களுக்குச் சிரிப்பையும் சினத்தையும் ஒருங்கே தரும் இப்பிடிவாதங்களின் பின்னணியை அறிவோம்.

கனியால் எழுந்த பிணக்கு

பழனி மலையைப் பற்றி வழங்கும் கதை, ஒரு கனிக்காக அண்ணன் தம்பியரிடையே எழுந்த போட்டியைக் கூறுகிறது. உலகை முதலில் வலம்வருபவருக்கே கனி என்றதும் முருகன் மயிலேறிப் பறக்கிறார். பிள்ளையாரோ அம்மையப்பரை வலம்வந்து கனியைப் பெறுகிறார். திரும்பிவந்த தம்பி சினந்து மலையேறிவிடுகிறார். அவருடைய சினத்திற்குக் காரணம் பசியன்று. சொன்னபடி உலகைச் சுற்றிவந்த தம் உழைப்பு கணக்கில் கொள்ளப்படவில்லையே என்னும் வருத்தமே. இக்கதையில் நம் வீட்டுக் குழந்தைகளின் குரல் கேட்கிறது. உடன்பிறந்தார் பிணக்கில் பண்டம் சிறிது. 'எனக்கு நீதி கிடைத்ததா?' என்னும் கேள்வி பெரிது.

அளவும் கண்ணும்

ஒன்பது வயது அண்ணனுக்கும் ஐந்து வயதுத் தங்கைக்கும் தாய் ஒரே அளவு பால் தருகிறார். அண்ணனின் குவளை ஒடுங்கி உயர்ந்தது. தங்கையின் குவளை அகன்று தாழ்ந்தது. "அண்ணனுக்குத்தான் நிறைய" என்று தங்கை அழுகிறாள். கண்ணெதிரே அளந்து ஊற்றிக் காட்டினாலும் அவள் ஏற்பதில்லை.

இதனைப் பேராசை எனக் கருதுதல் பொருந்தாது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இத்தகைய குவளைகளைக் கொண்டே குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்தார். ஏறத்தாழ ஏழு வயதுக்கு முன்பு குழந்தைகள் உயரம் போன்ற ஒரு கூறினை மட்டுமே நோக்குகின்றனர் என்றும், கலத்தின் வடிவம் மாறினாலும் நீரின் அளவு மாறாது என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை என்றும் அவர் கண்டார். தங்கையைப் பார்த்து அண்ணன் சிரிக்கிறான். நான்கு ஆண்டுகளுக்கு முன் தானும் அவ்வாறே அழுததை அவன் மறந்துவிட்டான்!

முறிந்த அப்பளத்தை 'ஒட்டித் தா' என்று அழும் குழந்தையும் உண்டு. நாள்தோறும் அதே தட்டு, அதே தலையணை, உறங்குமுன் அதே கதை என அது வற்புறுத்தும். உலகம் முழுவதும் புதிதாகத் தோன்றும் பருவத்தில் மாறாத சில பொருள்களே அதற்குப் பிடிமானம். இரண்டு முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சும் இயல்பும் மிகுந்திருக்கும். கட்டாயப்படுத்தாமல் பலமுறை சிறிது சிறிதாகச் சுவைக்கத் தந்தால் அவ்வச்சம் பெரும்பாலும் குறையும்.

எனக்கென ஓர் இடம்

அக்காள் தோசையின் மொறுமொறுப்பான ஓரத்தை விரும்பினால் தம்பி நடுப்பகுதியே வேண்டும் என்பான். அவள் நீலம் என்றால் அவன் சிவப்பு என்பான். தம்பியோ தங்கையோ பிறந்ததும் முதல் குழந்தை, அரியணை இழந்த அரசனைப்போல் உணர்கிறது என்று ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937) விளக்கினார். இளைய குழந்தையோ எப்போதும் ஒருவர் தனக்கு முன்னே ஓடக் காண்கிறது. பிறந்த வரிசையே குணத்தை முடிவுசெய்யும் என்னும் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் பெரிதும் ஏற்கவில்லை. எனினும், வீட்டில் தனக்கென ஓர் இடம் வேண்டும் என்ற விழைவு எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. 'எனக்கு இதுதான் பிடிக்கும்' என்பது 'நான் அவளல்லன். நான் வேறு' என்பதன் மழலை வடிவமே.

தெரிந்து தெளிவோம்

ஆங்கிலத்தில் 'பிரதர்' என்னும் சொல் மூத்தவர், இளையவர் இருவரையும் குறிக்கும். தமிழில் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என மூப்பும் இளமையும் சொல்லிலேயே விளங்கும். பழந்தமிழில் என் தம்பி 'எம்பி'. உன் தம்பி 'நும்பி'. என் தங்கை 'எங்கை'. உன் தங்கை 'நுங்கை'. மூத்த சகோதரியைக் குறிக்கும் 'தவ்வை' என்னும் சொல் திருக்குறளில் இடம்பெற்றுள்ளது.

காயும் பழமும்

சண்டையிடும் சிறாரே சமாதானத்திற்கும் வழிகளைக் கண்டுள்ளனர். 'காய்' என்றால் பேச்சு முறிந்தது. 'பழம்' என்றால் உறவு மீண்டது. காலையில் காய் விட்டவர்கள் மாலைக்குள் பழம் விட்டுவிடுவர். ஒரே மிட்டாயைச் சட்டைத் துணியில் பொதிந்து கடித்துப் பகிரும் 'காக்காய்க்கடி'யும் அவர்களுடைய முறையே. ஒருவர் பண்டத்தைப் பங்கிட, மற்றவர் முதலில் எடுத்துக்கொள்வது இன்னொரு முறை. எஞ்சியதே தனக்கு வரும் என்பதால் பங்கிடுபவரின் கை தராசாகிவிடும்.

பிரித்தானிய உளவியல் அறிஞர் ஜூடி டன், உடன்பிறந்த சிறாரை அவர்தம் வீடுகளிலேயே உற்றுநோக்கினார். உடன்பிறந்தவரை எதனால் சீண்டலாம், எதனால் தேற்றலாம் என்பதை மிக இளம் குழந்தைகளும் அறிந்துள்ளனர் எனக் கண்டார். பிறர் மனத்தை அறியும் பயிற்சி வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

விட்டுக்கொடுப்பவர் யார்?

பிணக்கைத் தீர்க்கப் பெரியவர்கள் எளிதாகக் கூறும் சொல் 'விட்டுக்கொடு' என்பதாகும். விட்டுக்கொடுத்தல் நற்பண்பே. ஆயின், அச்சொல் நாள்தோறும் ஒருவரை நோக்கியே கூறப்படுமானால் பண்பு சுமையாகிவிடும். மூத்தவள் என்பதால் அக்காள் விட்டுக்கொடுக்கிறாள். பெண் என்பதால் தங்கை விட்டுக்கொடுக்கிறாள். முட்டை அண்ணனுக்கு, குழம்பு தங்கைக்கு எனப் பங்கிடும் வீடுகள் இன்றும் உள்ளன.

உணவில் தொடங்கும் இக்கணக்கு கல்வியிலும் சொத்திலும் தொடர்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாடு செய்த திருத்தம், குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமையை வழங்கியது. 2005இல் நடுவணரசின் திருத்தம் அவ்வுரிமையை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. அதன்பின்னும், பிறந்த வீட்டு உறவு கெட்டுவிடுமோ என அஞ்சி, தம் பங்கை விடுதலைப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்கும் பெண்கள் உளர். சிறுவயதில் கேட்ட 'விட்டுக்கொடு' என்னும் சொல்லே அங்குக் கையொப்பமாகிறது.

குழந்தைகளின் பிடிவாதத்தைக் கண்டு நகைக்கலாம். அதிலுள்ள கேள்வியை நகைத்து ஒதுக்கிவிடலாகாது. இன்று மாலை உங்கள் வீட்டிலும் பெரிய குவளைக்காக ஒரு வழக்கு எழக்கூடும். தீர்ப்புச் சொல்லும் முன், நேற்று விட்டுக்கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

கற்பவை கற்றபின்

1. ஒரே அளவு நீரை வெவ்வேறு வடிவக் கலங்களில் ஊற்றி, ஐந்து வயதுக் குழந்தையிடமும் பத்து வயதுக் குழந்தையிடமும் எதில் மிகுதி எனக் கேட்டு, விடைகளை ஒப்பிடுக.
2. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் யார் யார் எவற்றை விட்டுக்கொடுத்தனர் எனப் பட்டியலிட்டு, அது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.