'அடுத்தது எப்போடா மாப்ளே?'

எங்கள் வகுப்பில் மொத்தம் 58 பேர். 2009-ல் கல்லூரியை விட்டு வெளியே வந்தோம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கல்லூரியே கூப்பிட்டு பழைய மாணவர் சந்திப்பு நடத்தும். 2024-லும் போயிருந்தேன். தலைக்கு மூவாயிரம் ரூபாய். எல்லோருக்கும் ஒரே கலரில் டி-ஷர்ட் (எனக்கு வந்தது என் பையனுக்குத்தான் பொருந்தியது!). முதல்வர் உரை, முன்னாள் முதல்வர் உரை, நன்றியுரை... பக்கத்து சீட்காரனிடம் 'எப்படிடா இருக்கே?' என்று கேட்க நேரம் கிடைத்தது சாப்பாட்டு க்யூவில்தான்.

அடுத்தது 2029-ல். அதுவரைக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஹேப்பி பர்த்டே மச்சி' மட்டும்தானா? நடுவில் நாமே சும்மா கூடினால் என்ன என்று கேட்டுவிட்டேன். கேட்டவன் தலையிலேயே பொறுப்பும் விழுந்தது.

முதலில் ஜனநாயகத்தை நம்பினேன். வாட்ஸ்அப்பில் 2022-ல் ஓட்டெடுப்பு வசதி வந்ததே, அதில் பன்னிரண்டு பதில் வரை கொடுக்கலாம். பன்னிரண்டு தேதி கொடுத்தேன். பன்னிரண்டுக்கும் ஓட்டு விழுந்தது. ஒருத்தன் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தான். 'எனக்கு எப்பவும் ஓகே மச்சி' என்றான். கடைசியில் வராதவனும் அவன்தான்!

அப்புறம் சுவரிலிருந்த தினசரி காலண்டரிடம் சரணடைந்தேன். வைகாசி, ஆவணியில் ஞாயிறு என்றால் யாருக்காவது மச்சினி கல்யாணம். புரட்டாசியில் பாதிப் பேர் சைவம். கார்த்திகையில் நாலு பேர் மாலை போட்டு 'சாமி' ஆகிவிடுவார்கள், 'டேய்' என்றுகூடக் கூப்பிட முடியாது. மிச்சமிருந்தது ஆடி. முகூர்த்தம் கிடையாது. தள்ளுபடித் துணிக்கு வீட்டம்மாவை சனிக்கிழமையே தி.நகர் கூட்டிப்போய்விட்டால் ஞாயிறு விடுதலை. மாதத்தின் முதல் வாரமென்றால் சம்பளமும் உயிரோடு இருக்கும். ஆக, 2025 ஆகஸ்ட் 3. ஆடிப்பெருக்கு!

இடம்? மொட்டைமாடி ரெஸ்டாரன்ட் என்றான் அமெரிக்காவில் இருப்பவன். அவனுக்கென்ன, வரப்போவதில்லை! பில்லைச் சமமாகப் பிரித்தால் லைம் சோடா குடித்தவன் மற்றவன் பாட்டிலுக்கும் சேர்த்து அழ வேண்டும். பெசன்ட் நகர் பீச் போதும் என்று முடிவெடுத்தேன். 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஷ்மிட் என்ற வெளிநாட்டுக்காரர் ஞாபகமாக அங்கே வெள்ளையாக ஒரு மண்டபம் இருக்கிறதே, அதுதான் அடையாளம். குரூப்பில் ஒரே வரி: 'ஞாயிறு சாயங்காலம் 5 மணி. நான் இருப்பேன். வர்றவன் வரலாம்.' யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

ஒன்பது பேர் வந்தார்கள். ஆடிப்பெருக்கு புண்ணியத்தில் மூன்று வீட்டிலிருந்து புளியோதரை, தேங்காய் சாதம், அப்பளம். மற்றபடி செலவு, சுண்டலும் டீயும்.

எதிர்பாராமல் வந்தவன் 'முப்பத்தொண்ணு'. ஹாஸ்டலில் ரோல் நம்பரே அவனுக்குப் பேராகிவிட்டது. 2024-க்கு வராதவன். "பெரிய ஆளாயிட்ட, எங்களையெல்லாம் கண்ணு தெரியலை" என்று ஆரம்பித்தேன்.

புளியோதரையில் இருந்த வேர்க்கடலையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "பணம்கூட ரெடி பண்ணிட்டேன்டா. அந்த ஆன்லைன் ஃபார்ம்ல 'தற்போதைய பதவி, நிறுவனம்'னு ஒரு கட்டம். அந்த மாசம்தான் என்னை வேலையை விட்டு அனுப்பினாங்க. காலியா விட்டா ஃபார்ம் உள்ளே போக மாட்டேங்குது. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு மூடி வச்சிட்டேன்."

அந்த ஃபார்மை நானும் நிரப்பியிருக்கிறேன். 'சீனியர்' என்ற வார்த்தையை நானாகச் சேர்த்துக்கொண்டேன், ஹி... ஹி...

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தன் அப்பளத்தைப் பாதியாக உடைத்து அவனிடம் நீட்டி, "இப்போ என்னடா பண்றே?" என்றான். சின்ன கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறானாம். பழைய சம்பளத்தில் பாதி. "பயோடேட்டாவை எனக்கு அனுப்பு" என்றது இரண்டு குரல் ஒரே நேரத்தில். எட்டரை மணிக்கு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தோம்.

ராத்திரி பதினோரு மணிக்கு குரூப்பில் ஒரு மெசேஜ். அனுப்பியது முப்பத்தொண்ணு:

'மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஜனவரி முதல் ஞாயிறு, 5 மணி, அதே மண்டபம். நான் இருப்பேன்.'